கயிறு அனுமதியில்லை

சிறைச்சாலையில் குருத்தோலை ஞாயிறுக்குப் பேசச் சொல்லிக் கடிதம்.
வசனத்தை நான் தெரிவு செய்யவில்லை,
அட்டவணையில் இருந்தது:
பண்டிகையைக் கயிற்றால் கட்டுங்கள்
பீடத்தின் கொம்புகள் மட்டும்.

கட்டுங்கள் என்று
கட்டுண்டவர்களிடம் போய் எப்படி வாசிப்பது?

கல்லடியில் கரண்ட் நின்ற இரவு.
மெழுகுதிரியும் இரவல் எபிரெய அகராதியும்.
இஸ்ரூ: கட்டுங்கள்.
அதே வேரில் இரண்டு வரி தள்ளி
ஆஸீர்: கைதி.
அகராதிக்கு இரக்கம் கிடையாது,
வரிசை உண்டு.

ஹக்: பண்டிகை. பண்டிகைக்கு அறுக்கும் ஆடும் அதுவே.
வேரைக் கிண்டினால் சுற்றுதல், வட்டமாய் ஆடுதல் என்கிறார்கள்.
வேறொரு சங்கீதத்தில்
புயலில் அகப்பட்ட கப்பற்காரர்
குடித்தவன் போலத் தள்ளாடுவதும் இந்த வேரில்தான்.
பண்டிகையும் தள்ளாட்டமும் ஒன்றாய் இருக்கிற
தமிழ்ச் சொல் எது?
பேனையின் மூடியைக் கடித்துக்கொண்டு
திரி அணையும்வரை இருந்தேன்.

மறுநாள் காத்தான்குடி, உதுமாலெப்பை கடை.
நைலோன் வேண்டாம், தும்புக் கயிறு தாங்க.
"எதுக்குகா? ஆடு கட்டவா?
ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் நாள் கிடக்கே."

ஹஜ்.
இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.
ஹக்கின் கூடப்பிறந்த சொல்
ஆணிப்பெட்டிக்கும் தராசுக்கும் நடுவில்
இத்தனை வருசமாய் வியாபாரம் பார்த்திருக்கிறது.
"அங்க போய் என்ன செய்யிற, காக்கா?"
காற்றில் விரலால் வட்டம் போட்டார்.
"கஃபாவைச் சுத்திக் கிறுகிற. ஏழு தரம்.
வாப்பாக்கு மூணாந்தரமே தலை கிறுகிட்டாம்."

கிறுகு.
தெருமுனையில் திரும்பினாலும் கிறுகு,
மயக்கம் வந்தாலும் கிறுகு.
வெளியூரில் சொல்லிச் சிரிப்பு வாங்கிய சொல்.
அகராதியின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்,
இரவல் புத்தகம் என்பதை மறந்து.
மீதிக் காசையும் மறந்து வந்திருக்கிறேன்.

ஞாயிறு. இரும்புப் படலை.
காவலாளி ஓலைக்கட்டைப் புரட்டிப் பார்த்தார்.
"ஓலை சரி, மிஸ். கயிறு பே."
முடிச்சை அவிழ்த்தார், சுருட்டினார்,
என் பெயர் எழுதி லாச்சிக்குள் போட்டார்.
அவிழ்ந்த ஓலைகளை மார்போடு அணைத்துக்கொண்டு
நடைபாதை முழுக்கச் சிந்தியபடி உள்ளே போனேன்.

முப்பத்தொரு பேர்.
பேச்சின் முதல் பக்கம் கயிறு பற்றியது.
கயிறு லாச்சிக்குள்.
அப்போதுதான் வந்தது ஞாபகம்:
அவோத்தீம்.
முறுக்கிய கயிறு என்றும் சொல்லலாம்
தழை அடர்ந்த கொப்பு என்றும் சொல்லலாம்.
படித்தவர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள்.
எனக்கு அந்தக் காவலாளி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

சொன்னேன், கொப்பு என்று வைப்போம்.
கனகசூரியம் எழுந்தான்.
டைனமைட் வழக்கு, வலை முடிகிற விரல்.
நான் புத்தகம் வைத்திருந்த மேசையைக் கேட்டு வாங்கிக்
கவிழ்த்துப் போட்டான்.
நாலு காலும் மேலே.
"கொம்பு" என்றான், சிரிக்காமல்.

ஓலையை ஓலையோடு பின்னிக் காலில் சுற்றினான்.
முடித்தவன் அடுத்தவனுக்கு ஒதுங்க
அவன் மற்றவனுக்கு ஒதுங்க
ஒருவரும் சொல்லாமலே
மேசையைச் சுற்றி ஆட்கள் கிறுகினார்கள்.
ஒருவனுக்குத் தலை கிறுகி
சிமெந்தில் குந்திவிட்டான்.

குந்தியவன்தான் கேட்டான்:
"கட்டுங்கள் எண்டு ஆருக்கு மிஸ் சொல்லுது?
அவங்களுக்கா, எங்களுக்கா?"

ஏவல். பன்மை. முன்னால் நிற்பவர்களைப் பார்த்து.
இலக்கணத்தை மட்டும் சொன்னேன்.
"அப்ப எங்களுக்கு" என்றான்,
இன்னொரு ஓலை எடுத்தான்.
ஆஸீர் எழுதிய தாளை
நான் மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

போகும்போது ஒப்பம் வாங்கிக் கொண்டு
கயிற்றைத் திருப்பித் தந்தார்கள்.
கொல்லையில் இரண்டு முருங்கைக்கு நடுவே கட்டியிருக்கிறேன்.
உடுப்புக் காய்கிறது.
உதுமாலெப்பை காக்காவிடம்
மீதிக் காசு இன்னும் வாங்கவில்லை.